குழாயில் இருந்த கை

மெல்பர்ன்
11 செப்டம்பர் 1978

அன்புள்ள புரோகோப்பிஸ் அண்ணாவுக்கு,

தங்கை மெர்சினி எழுதுகிறேன். மந்தமாதோஸ் தேவதூதர் புண்ணியத்தில் என் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? இதை உங்களுக்குப் படித்துக்காட்டும் அக்லயா டீச்சருக்கு என் வணக்கம்.

அண்ணா, உங்கள் மாப்பிள்ளை யோர்தானிஸுக்கு வயிறு சரியில்லை. ஜூன் மாதம் அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. பிடித்ததைக் கொடுங்கள் என்றார் டாக்டர். அவர் கேட்டது நம்மூர்ச் சோம்புச் சாராயம், ஊஸோ. நம்மூர் ஆள் கடையில் வாங்கி வந்து, நன்றாகக் குளிரட்டும் என்று ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸோடு வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் பாட்டிலுக்குள்ளே மணல் மாதிரி என்னவோ மிதக்கிறது.

“என்னடி இது, கடல் தண்ணியா மொண்டுட்டு வந்த?” என்றார். அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.

அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். நம் வீட்டில் ஆண்கள் மேசைக்கு நான் தட்டு கொண்டுபோய் வைத்ததோடு சரி, பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 1954 ஜூலையில், ஊஸோ ஆலையில் காய்ச்சும்போது கெட்டுப்போன அந்தக் கொதி. ஆலையின் பெயரைக் கெடுத்தவர் இவர்தான் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஊரில் வேறு யாரும் வேலை தரவில்லை. அதனால்தான் கப்பல் ஏறினோம். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி இவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருக்கிறார். “குழாயில என் கைதானே இருந்துச்சு.” இப்போது காய்ச்சல் வந்தால் தூக்கத்திலும் அதையே சொல்கிறார். கொப்பரைக்கு மேஸ்திரி நீங்கள். அன்று அங்கேதான் இருந்தீர்கள். அவர்மேல் தப்பில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். அவர் காதில் போட வேண்டும், அவ்வளவுதான். டீச்சருடைய அப்பாவின் ஆலை; இதை அவர் வாயாலேயே படிக்க வைப்பது சங்கடம்தான். உங்களுக்கு வேறு யார் படித்துக்காட்டுவார்கள்?

உங்கள் கையை முத்தமிடும்
மெர்சினி


பிளோமாரி
3 அக்டோபர் 1978

அன்புத் தங்கை மெர்சினிக்கு,

சொல்வது நான், எழுதுவது டீச்சர். மழை இன்னும் இறங்கவில்லை. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ நலமாக இருக்கிறாய் என்று கேட்டதில் நிம்மதி.

ஊஸோவை ஃப்ரிட்ஜில் வைப்பார்களா யாராவது? குளிர் பட்டால் உள்ளே இருக்கிற சோம்பு எண்ணெய் கட்டிக்கொண்டு மணல் மாதிரி நிற்கும். அதைக் கொட்டாதே. அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வை, தானாகக் கரைந்துவிடும். வெறும் ஐஸையும் போடாதே. முதலில் ஊஸோ, ஒரு விரல் அளவு. பிறகு குளிர்ந்த தண்ணீர், சொட்டுச் சொட்டாக, குவளையின் ஓரமாக. அது பால் மாதிரி வெளுப்பதைக் குடிக்கிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். பாதி ருசி அதில் இருக்கிறது. ஐஸ் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு துண்டு. எவ்வளவு தண்ணீர் என்று கேட்காதே. அது அவரவர் இஷ்டம். அடுத்தவன் குவளையில் தண்ணீர் ஊற்றுகிறவன் முரடன்.

முழுங்கச் சொல்லாதே. நாக்கில் நிற்க வேண்டும். ஒரு குவளைக்கு முக்கால் மணி நேரம். மதியத்துக்கு முன்னால், வெளிச்சத்தில். இருட்டிய பிறகு குடித்தால் அது மருந்து.

டீச்சர் சொல்கிறார்: “பக்கம் முடியப்போகுது, புரோகோப்பிஸ். வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?” இல்லை என்றேன். உன் வீட்டில் உள்ள நோயாளிக்குக் குணமாகட்டும்.

உன் அண்ணன்
புரோகோப்பிஸ்

(இது என் சொந்த எழுத்து, மெர்சினி. உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை அவருக்கு இரண்டு முறை படித்தேன். “வெயில் இன்னும் கொளுத்துது” என்றார். அக்லயா.)


மெல்பர்ன்
26 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, அவர் பார்க்கும்படி, அவர் போதும் என்கிற வரை தண்ணீர் விட்டேன். வெளுத்ததும் சிரித்தார். கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. இரண்டு வாய் குடித்தார், ஒரு வெள்ளரித் துண்டு சாப்பிட்டார். ஒரு வாரத்தில் பல்லுக்கு வேலை கொடுத்தது அன்றுதான்.

“யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றார்.

“அண்ணன்தான்.”

“அந்த ஆளு இன்னும் பேசுறாரா?”

“ஊஸோவைப் பத்திப் பேசறார்.”

“பின்ன வேற எதப் பத்தி?” என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் கேட்ட வரி உங்கள் கடிதத்தில் இல்லை. தாள் ஏதாவது தவறிப்போயிற்றோ என்று உறையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுபடி கேட்கிறேன், அண்ணா. அன்று என்ன நடந்தது? அவர் இரவெல்லாம் தூங்குவதில்லை. நானும் இல்லை. காலையில் ஆறு மணிக்கு வேலைக்குப் போய் நிற்கிறேன்.

மெர்சினி


பிளோமாரி
20 நவம்பர் 1978

அன்புத் தங்கைக்கு,

இங்கே ஆலிவ் உதிர ஆரம்பித்துவிட்டது. எனக்குக் குனிய முடியாது. மற்றவர்கள் குனிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றபடி சுகம்.

வெறும் வெள்ளரி போதாது. வயிறு காலியாக இருக்கும்போது ஊஸோ கொடுப்பது குற்றம். தட்டு சின்னதாக இருக்கட்டும், எண்ணிக்கை நிறைய இருக்கட்டும். அவர் சாப்பிடாவிட்டாலும் எதிரில் இருக்க வேண்டும். உப்பு மத்தி: தோலை விரலால் உரி, கத்தி வைக்காதே, எண்ணெயும் எலுமிச்சையும் விடு. பேய்க்கணவாய் கிடைத்தால் வெயிலில் ஒரு நாள் கொடியில் தொங்கவிட்டு, கரியில் சுட்டு, மெல்லியதாக நறுக்கு. தக்காளி, உப்பு, நம்மூர் ஓரிகனோ. எண்ணெயில் ஊறிய பாலாடைக்கட்டி ஒரு துண்டு. இனிப்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஒரு தட்டு முடிந்த பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பினால் கல்யாணச் சாப்பாடு ஆகிவிடும்.

முக்கியமானது: தனியாகக் குடிக்க விடாதே. எதிரில் ஒருத்தர் இருக்க வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பேக்கரிக்காரர் மகள் ஜனவரியில் மெல்பர்னுக்குக் கல்யாணமாகி வருகிறாள். அவளிடம் ஒரு பாட்டிலும் ஓரிகனோவும் கொடுத்து விடுகிறேன். கடையில் வாங்கியதைத் தூக்கிப் போடு.

நீ கேட்டது. அது ரொம்ப நாள் ஆன விஷயம். எனக்கு அந்த நாள் ஞாபகத்தில் இல்லை.

உன் அண்ணன்
புரோகோப்பிஸ்

(மெர்சினி, 1926-ல் யார் வீட்டு ஆடு பாதிரியாரின் அங்கியைத் தின்றது என்று நேற்றுத்தான் இந்த மனிதர் எனக்குச் சொன்னார். ஆட்டின் நிறம்கூடச் சொன்னார். சொன்னதை எழுதுகிறேன்; சொல்லாததை நான் எழுத முடியாது. அக்லயா.)


மெல்பர்ன்
15 டிசம்பர் 1978

அண்ணாவுக்கு,

நலம்.

உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்ததை அவருக்குப் படித்தேன். “யாரு? மேஸ்திரிக்கா? மேஸ்திரிக்கு ஞாபகம் இல்லையாமா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி ஆயிற்று. பிறகு, “விடு மெர்சினி. அந்தாள இனிமே கேக்காத. வயசாயிருச்சு, பாவம்” என்றார்.

அவர் எடை நாற்பத்தாறு கிலோ. உங்களைப் பாவம் என்கிறார்.

இங்கே கிறிஸ்துமஸுக்கு அனல் அடிக்கிறது. கதவையெல்லாம் சாத்தி வைத்திருக்கிறேன்.

மெர்சினி


பிளோமாரி
27 பிப்ரவரி 1979

அன்புத் தங்கை மெர்சினிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, தப்பாக எண்ணாதே. பல்வலி. மித்திலினிக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்தது. மலைப்பாதையில் உட்கார்ந்து போனதில் இடுப்பும் போய்விட்டது.

பாட்டில் வந்து சேர்ந்ததா? சோம்பு லிஸ்வோரி வயல்களில் விளைந்தது. அதற்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகம் கேட்கும்.

வேறொன்றும் இல்லை. இன்றைக்கு அசதியாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

புரோகோப்பிஸ்


மெல்பர்ன்
18 மார்ச் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்குப் பல்வலியா? கடைசிப் பல்லும் விழுந்துவிட்டது, இனி ரொட்டியை நனைத்துத்தான் தின்ன வேண்டும் என்று 1971 ஈஸ்டருக்கு எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

பாட்டில் வந்தது. நம்மூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு தட்டாகக் கொண்டுபோனேன். மத்தியின் தோலை விரலால் உரித்தேன். அவர் மூடியைத் திறந்து வெகுநேரம் மோந்துகொண்டே இருந்தார். “இது மேஸ்திரி கை. மொதல்ல வர்ற தலையக் கொட்டிட்டு, நடுவுல வர்ற நெஞ்ச மட்டும் புடிச்சு, நாத்தம் புடிச்ச வால் வர்றதுக்குள்ள நிறுத்தியிருக்காரு” என்றார். வந்தவர்கள் துறைமுகத்துச் சண்டை ஒன்றைச் சொல்ல, இவர் அதில் மூன்று பொய்யைக் கண்டுபிடித்தார். ஒரு மணி நேரம் வீட்டில் நோயாளி யாரும் இல்லை.

இப்போது விழுங்க முடிவதில்லை. விரலில் தொட்டு உதட்டில் வைக்கிறேன். ஈஸ்டர் வரைக்கும் என்கிறார் டாக்டர்.

நான் கேட்டுக் களைத்துவிட்டேன். இனி கேட்க மாட்டேன்.

மெர்சினி


பிளோமாரி
2 ஏப்ரல் 1979

அன்புத் தங்கை மெர்சினிக்கு,

என் உடம்பைப் பற்றி இன்று எதுவும் இல்லை. இதை யோர்தானிஸின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் படி.

மித்திலினிக்குப் போனது பல்லுக்கு இல்லை. நீதிமன்ற வாசலில் மனு எழுதுகிறவன் ஒருத்தன் இருக்கிறான். டீச்சருக்குத் தெரியாமல் அவனை வைத்து உனக்கு எழுதிவிடலாம் என்று போனேன். முதல் தடவை அவன் “எந்த ஆலை, தாத்தா?” என்றான். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் தடவை, “எங்க மாமா அங்கதான் வேலை பாத்தாரு, பேரச் சொல்லுங்க” என்றான். மறுபடியும் எழுந்து வந்துவிட்டேன். எழுதத் தெரியாதவனுக்கு ரகசியமும் கிடையாது. இன்று டீச்சரிடம் வந்து, “எழுதுங்க. நடுவுல நிறுத்திடாதீங்க. நீங்க நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்” என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு யோர்தானிஸ் உன்னைப் பெண் கேட்டான். காப்பிக்கடையில், நாலு பேர் இருக்கும்போது நான் சொன்னேன்: “குழாயத் தொறந்து மூடுறவனுக்கு என் தங்கச்சி கேக்குதா?” எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அது என் முதல் தப்பு. அதற்குப் பிறகும் நீ அவனைத்தான் கட்டிக்கொண்டாய்.

ஜூலை எட்டு, புனித புரோகோப்பியோஸ் நாள். என் பெயர்த் திருநாள். அன்று வாழ்த்த வருகிறவனுக்குக் குவளை ஊற்றி, அவனோடு நானும் ஒரு வாய் குடிக்காமல் அனுப்பினால் நான் மனிதனே இல்லை. கொப்பரை கொதிக்கும்போது மேஸ்திரி ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது. இரண்டும் நம்மூர்ச் சட்டம். அந்த வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவுக்குச் சரக்கு போக வேண்டும் என்று முதலாளி கிரிசாந்தோஸ் ஐயா கொதி வைக்கச் சொல்லியிருந்தார்.

விடிந்ததிலிருந்து ஆள் வந்தது. கொப்பரைக்குப் பக்கத்திலேயே பீப்பாயைக் கவிழ்த்து மேசை போட்டோம். பத்து மணிக்குள் எட்டுக் குவளை. எனக்குப் போதை இல்லை, மெர்சினி. கால் நேராக இருந்தது, பேச்சு நேராக இருந்தது. நாக்குதான் போய்விட்டது. சோம்பு அளவுக்கு மிஞ்சினால் நாக்கு மரத்துப்போகும். குடிக்கிறவனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மேஸ்திரிக்கு அது மட்டும்தான் கருவி. நெஞ்சு எப்போது முடிகிறது, வால் எப்போது தொடங்குகிறது என்று கடிகாரம் சொல்லாது.

யோர்தானிஸ் குழாயில் இருந்தான். “மேஸ்திரி, மூடட்டுமா?” என்றான்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பலகையில் வைத்த மாதிரி இருந்தது. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஓடட்டும்டா” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். “மேஸ்திரி, நல்லாப் பாத்தீங்களா?”

“குழாய்க்காரன் குழாயப் பாரு. நாக்கு என்னுது” என்றேன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் நாக்கு திரும்பிவிட்டது. பீப்பாயைத் திறந்து ஒரு துளி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயம். படகில் ஏற்றினார்கள். திருவிழாவில் பாட்டிலைத் திறந்தவர்கள் அழுகிய ஈரத்துணி வாடை அடிக்கிறது என்றார்கள். சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. முதலாளி எங்களை வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “குழாயில யாரு கை?”

“என் கை” என்றான் யோர்தானிஸ். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் குனிந்து அடுப்பு விறகைத் தள்ளிவிட்டேன். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். அவன்மேல் தப்பில்லை. அந்த ஆலை எழுந்திருக்கவே இல்லை. டீச்சரின் அப்பா ஆறு வருஷத்தில் அதைப் பூட்டினார். நான் வேறு கொப்பரைக்குப் போய்விட்டேன். எனக்கு வேலை கிடைக்காமல் போனதே இல்லை.

புரோகோப்பிஸ்

(மெர்சினி, எழுதி முடித்துவிட்டேன். அவர் வெளியே போய் நிற்கிறார். அவர் பார்க்க மாட்டார், பார்த்தாலும் படிக்கத் தெரியாது. என் அப்பாவுக்கு அன்றே தெரியும். மத்தியானம் ஆலைக்குப் போனபோது உன் அண்ணனின் வாயில் வாடையை அவர் பிடித்திருக்கிறார். அன்று உன் அண்ணனின் நாக்கை நம்பி விட்டுவிட்டார். சரக்கு திரும்பிய நாளில் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: “குழாய்க்காரன் பத்துப் பேரு கெடைப்பான். நாக்கு உள்ளவன் ஒருத்தன்தான் இருக்கான். அவன எப்படி அனுப்புறது?” நான் மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், இத்தனை வருஷம். இவர் என்றைக்காவது சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் நானே வாய் திறந்திருக்கலாம். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அக்லயா.)


மெல்பர்ன்
10 மே 1979

அண்ணாவுக்கும் டீச்சருக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

கடிதம் புனித வாரத்தில், புதன்கிழமை வந்தது. அவர் ஈஸ்டருக்குப் பிறகு வியாழன் அன்று, காலை பத்தேகாலுக்குப் போனார். நடுவில் எட்டு நாள் இருந்தது.

சத்தமாகப் படித்தேன். டீச்சரின் குறிப்பையும் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். “தண்ணி குடு” என்றார். உதட்டை நனைத்தேன். பிறகு பேசினார். குரல் ரொம்பச் சின்னது. நான் காதைக் கிட்டே வைத்துக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“உங்க அண்ணனுக்கு நாக்கு மரத்துருந்துச்சு. எனக்கு மரக்கல. நான் ஒரு சொட்டுக் குடிக்கலையே. மூக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வால் ஓடுதுன்னு எனக்குத் தெரியும் மெர்சினி. முக்கா மணி நேரம் தெரிஞ்சே ஓட விட்டேன்.”

“நீங்க ரெண்டு தடவ கேட்டிருக்கீங்களே” என்றேன்.

“கேட்டேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னு கேட்டேன். மேஸ்திரி பேரு நாறட்டும்னு நெனச்சேன். குழாயத் தொறந்து மூடுறவன்னு சொன்னாருல்ல? சரி, மூடாம இருந்து பாப்போம்னு.”

“அப்புறம் ஏன் என் கைன்னு சொன்னீங்க?”

“மொதலாளி வேற எதாவது கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பேன். குழாயில யாரு கைன்னுதான் கேட்டாரு. பொய்யா சொல்றது? உங்க அண்ணன் அடுத்து வாயத் தொறப்பாருன்னு பாத்தேன். அவரு விறகத் தள்ளுனாரு.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “எழுதிப் போட்டுடு. அந்தாளும் கொஞ்சம் தூங்கட்டும்” என்றார். அன்று ராத்திரி அவர் தூங்கினார். விளக்கைக்கூட அணைக்கச் சொல்லவில்லை.

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். இனி நான் சொல்கிறேன்.

அம்மா 1961-ல் செத்தபோது நான் இங்கே தக்காளியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை வேலை செய்தேன். அடக்கத்துக்குப் போகலாம் என்று சொன்னதற்கு, “அந்த ஊருல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எறங்குறது?” என்றார். பதினெட்டு வருஷம் கழித்து இப்போது புரிகிறது, அவருக்கு எந்த மூஞ்சி என்று. ஒருத்தர் ரோஷத்தில் குழாயை மூடவில்லை. ஒருத்தர் கௌரவத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒரு முதலாளி, ஒரு டீச்சர், தெரிந்தும் சாப்பாட்டு மேசையோடு விட்டுவிட்டார்கள். நடுவில் நான் ஒருத்தி, ஒன்றுமே தெரியாமல் உலகத்தின் அடுத்த கோடியில் வந்து கிடந்தேன். நான்தான் இரண்டு பக்கமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு வந்த நம்மூர் ஆட்கள் உங்கள் பாட்டிலில் மீதி இருந்ததைக் குடித்து முடித்தார்கள். தண்ணீர் விட்டதும் வீடு முழுவதும் அந்த வாசனை. எனக்கு அது பிடிக்காது, அண்ணா. எப்போதும் பிடித்ததில்லை. அப்பா சட்டையில், உங்கள் சட்டையில், இவர் சட்டையில், எல்லாவற்றையும் நான்தான் துவைத்தேன். ஊஸோவுக்கு எத்தனை தட்டு, எவ்வளவு தண்ணீர் என்று ஏழு மாதம் எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதினீர்கள்; அவர் சந்தோஷமாகக் குடித்தார். ஆனால் அதைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஊருக்கு வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

மெர்சினி


பிளோமாரி
6 ஜூன் 1979

அன்புத் தங்கை மெர்சினிக்கு,

டீச்சர்தான் எழுதுகிறார். நாங்கள் இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வருகிறார், தாளை விரிக்கிறார், “ம்” என்கிறார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு நாற்பதாம் நாள். கோயிலில் அவர் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தோம். இறந்தவர் பெயரில் பங்கிடும் கோதுமையை அவித்தது டீச்சர். வெளியே வந்து காப்பிக்கடையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, குழாயை ஓடவிடச் சொன்னவன் நான் என்று சொன்னேன். அவர் உன்னிடம் சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை; அது உன்னுடையது. இக்னாட்டிஸ் தன் குவளையை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். அன்று பெயர் நாளுக்கு வந்து என்னோடு குடித்தவர்களில் மிச்சம் இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான். நேற்றும் அங்கேயேதான் உட்கார்ந்தான். உட்காரட்டும்.

முக்கால் மணி என்று மாப்பிள்ளை சொன்னது சரியில்லை. கோயில் மணி இரண்டு தடவை அடித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலே ஓடியது. அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறதா என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. தூக்கமும் வரவில்லை, அதை மட்டும் அவரிடம் சொல்ல முடியாது.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை டீச்சரை நாலு முறை படிக்கச் சொன்னேன். நீ பிறந்த அன்று என்ன காற்று அடித்தது, முதன்முதலில் நடந்தபோது எந்தப் படியில் விழுந்தாய், எல்லாம் சொல்வேன். உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. மறந்துபோகவில்லை, மெர்சினி. நான் கேட்டதே இல்லை.

வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவில்லை. என்றைக்காவது வந்தால், உட்கார்ந்ததும் உன் முன்னால் என்ன வைக்க வேண்டும்? காப்பியா, எலுமிச்சைத் தண்ணீரா, வேறு ஏதாவதா? அதை மட்டும் எழுது.

உன் அண்ணன்
புரோகோப்பிஸ்